மூன்று குரல் பெட்டியும் ஒரு பாலாடையும்

அம்மாவிடம் போனில், "இன்னிக்கு ராத்திரி கிளப்புக்குப் போறேம்மா" என்றேன். "அங்க டிபன் நல்லா இருக்குமா?" என்று கேட்டார். மதுரையில் அவர் தலைமுறைக்குக் கிளப் என்றால் காபி கிளப்தான். நான் சொன்னது அக்கார்டியன் கிளப். அக்கார்டியன் என்பது மார்பில் மாட்டிக்கொண்டு, துருத்தியை இழுத்து அமுக்கி வாசிக்கிற வாத்தியம். ஆனால் அம்மா கேட்டதிலும் தப்பில்லை. இங்கே ஒன்பது மணிக்கு டீயும் சாண்ட்விச்சும் கொடுப்பார்கள். அதற்காகவே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில். இந்த நாட்டில் பல ஊர்களில் 'அக்கார்டியன் அண்ட் ஃபிடில் கிளப்' என்று ஒன்று இருக்கும். ஃபிடில் வேறொன்றுமில்லை, வயலின்தான். குளிர்காலம் முழுக்க மாதத்தில் ஒரு நாள் ஊர்ப் பொது மண்டபத்தில் கூடுவார்கள். ஏழரை மணிக்கு உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராக மேடையேறி ஆளுக்கு இரண்டு மூன்று மெட்டு வாசிப்பார்கள். டீக்குப் பிறகு வெளியூரிலிருந்து அழைத்த குழு. நடுவில் ராஃபிள் சீட்டு. பரிசு ஒரு விஸ்கி பாட்டில், ஒரு சாக்லேட் டப்பா, அப்புறம் போன மாதம் யாரோ ஜெயித்து, வேண்டாமென்று திருப்பிக் கொண்டுவந்து வைத்த குளியல் சோப்பு.

டீக்கு முன்னால் செயலாளர் அம்மா எழுந்து செய்தி வாசிப்பார். யாருக்கு முழங்கால் ஆபரேஷன், யார் வீட்டில் பேரக்குழந்தை, அடுத்த வாரம் எந்த ஊர்க் கிளப்பில் எந்தக் குழு, மண்டபத்தின் ஹீட்டர் ஏன் இன்னும் ஓடவில்லை. வாசிப்பைக் கேட்பதைவிட இந்தச் செய்திக்காகவே நான் முன்வரிசையில் உட்காருவேன். போன அக்டோபரில் செய்தியோடு ஒரு பெட்டியும் வந்தது.

பழைய உறுப்பினர் ஒருவருடைய அக்கார்டியன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மகள் வீட்டை விற்கும்போது மச்சில் கிடைத்ததாம். வாசிக்கக் கற்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்க உதவுமே என்று கிளப்புக்குக் கொடுத்துவிட்டார். ரிப்பேருக்குக் கொடுத்தால் பெட்டியின் விலையை விடக் கூலி அதிகம் என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்கள். அப்போது யாரோ என்னைக் கை காட்டினார்கள். நான் செய்த தவறு, எப்போதோ ஒரு டீ நேரத்தில் என் பெரியப்பாவைப் பற்றிப் பேசியது.

பெரியப்பா மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நாடகம் இல்லாத மாதங்களில் திண்ணையில் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். கழற்றிய திருகாணிகளைக் கொட்டாங்கச்சியில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவது என் வேலை. அவர் ஆர்மோனியத்தைப் பெட்டி என்றுதான் சொல்வார். ஸ்காட்லாந்துக்காரர்களும் அக்கார்டியனை 'பாக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒற்றுமையை நம்பி நானும் சரி என்றுவிட்டேன்.

பெட்டியின் லட்சணம்

ஜெர்மனியில் செய்தது. சிவப்பு முத்துப் பளபளப்பு. வயது அறுபதுக்குக் குறையாது. பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாடையும் ஈர வாடையும் கலந்து முகத்தில் அடித்தன. வலதுகைக்கு 34 கட்டை, இடதுகைக்கு 72 பட்டன். வலப்பக்கம் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று குரல்: ஒன்று கீழ் ஸ்தாயி, இரண்டு நடு ஸ்தாயி. இந்த இரண்டாவது நடுக்குரல்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு அக்கார்டியன் பாதி புரிந்த மாதிரிதான். இரண்டிலும் உலோக நாக்கு காற்றில் துடித்துப் பேசுகிறது. வியன்னாவில் சிரில் டேமியன் 1829-இல் அக்கார்டியன் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். கையால் துருத்தி போட்டுத் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நம் ஊர் ஆர்மோனியத்தை 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் செய்தார். வித்தியாசம் என்னவென்றால், ஆர்மோனியத்தில் துருத்தியை எப்படி அசைத்தாலும் நாக்கின் மேல் காற்று ஒரே திசையில்தான் போகும். அக்கார்டியனில் துருத்தியை அமுக்கும்போது வெளியே, இழுக்கும்போது உள்ளே. ஒரு நாக்கு ஒரு திசைக் காற்றுக்குத்தான் பேசும். அதனால் ஒவ்வொரு தகட்டிலும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரே சுருதியில் இரண்டு நாக்கு. பேசாத நாக்கின் வழியாகக் காற்று வீணாகாமல் மூட ஒரு மெல்லிய தோல் பட்டை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் 34 கட்டை, மூன்று குரல், இரண்டிரண்டு நாக்கு: 204. இடப்பக்கம் இன்னும் 96. மொத்தம் 300 நாக்கு. பெரியப்பாவின் பெட்டியில் இதில் பாதிகூட இருந்திருக்காது. அதுவும் பித்தளை நாக்கு, துருப்பிடிக்காது. இது எஃகு.

முதலில் காது

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டையையும் அமுக்கும்போது ஒரு தடவை, இழுக்கும்போது ஒரு தடவை, ஒவ்வொரு குரலாகத் தனித்தனியே கேட்டு எழுதினேன். அமுக்கும்போது 9 நாக்கு பேசவில்லை, இழுக்கும்போது 14. இரண்டு இடத்தில் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி 'ஙொய்' என்றது. ஒரு கட்டை, தொடாமலேயே தானாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது. மனைவி அடுத்த அறையிலிருந்து, "அதையாவது முதல்ல நிறுத்துங்க" என்றாள்.

அப்புறம் கசிவுச் சோதனை. துருத்தியின் வாரை அவிழ்த்து, எந்தக் கட்டையையும் தொடாமல், கட்டைப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மறுபக்கம் தன் எடையிலேயே கீழே இறங்கும். நல்ல பெட்டியானால் மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிற மருமகன் மாதிரி மெதுவாக இறங்கும். இது கிணற்றில் வாளி விழுந்த மாதிரி இறங்கியது. மூன்று விநாடி.

"காத்தைக் கட்டிட்டு அப்புறம் சுருதியைப் பாரு" என்பார் பெரியப்பா. காற்று கசிகிற பெட்டியில் சுருதி சேர்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளக்கிற வேலை. அந்த வரிசையை மாற்றக் கூடாது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்: கசிவு, மெழுகு, தோல், கடைசியில்தான் சுருதி.

உள்ளே

துருத்தியையும் மரப்பெட்டியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை சின்ன ஆணிகள். வலப்பக்கம் பதினாறு. இடுக்கியின் கீழே ஒரு மரத்துண்டு வைத்து நெம்பி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். எடுத்த வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வைத்தேன். ஒவ்வொரு ஆணியும் தன் துளைக்குப் பழகியிருக்கும், மாற்றிப் போட்டால் சில இறுகும், சில ஆடும்.

பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது மெழுகு. நாக்குத் தகடுகள் மரச் சட்டத்தில் மெழுகால்தான் ஒட்டியிருக்கும். திருகாணியோ பசையோ கிடையாது. நாளானால் மெழுகு வறண்டு கெட்டியாகிவிடும். இதில் பழைய வெல்லம் மாதிரி கறுத்து, குறுக்கே விரிந்து கிடந்தது. விரல் நுனியால் ஒரு தகட்டைத் தொட்டேன், பல் ஆடுகிற மாதிரி ஆடியது. இன்னொன்று கையோடு வந்துவிட்டது. மரச் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் '1974' என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு ரிப்பேர்க்காரர் எனக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நானும் கீழே வருஷத்தை எழுதிக்கொண்டேன்.

வலப்பக்கத் தகடு 102-ஐயும் கழற்றி, சுரண்டி, மறுபடி மெழுகு வார்ப்பது என்று முடிவு செய்தேன். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு தகட்டின் மேலும் நுனியூசியால் எண். இதில் சோம்பேறித்தனம் பட்டால் அப்புறம் அழ வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

நவம்பர் கூட்டத்துக்கு நான் பெட்டியில்லாமல்தான் போனேன். செய்தி வாசிப்பில் அன்று நானும் ஒரு செய்தி. "பெட்டி பிரிக்கப்பட்டிருக்கிறது, நோயாளி உயிரோடிருக்கிறார்" என்று செயலாளர் அம்மா வாசித்தார். கைதட்டினார்கள். அதுவரை எனக்குப் பயமில்லை.

மெழுகு

புது மெழுகுக்குத் தேன்மெழுகு மூன்று பங்கு, ரோசின் ஒரு பங்கு எடுத்தேன். ரோசின் என்பது வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கிறார்களே, அந்தப் பிசின்தான். தேன்மெழுகு மட்டும் போட்டால் பிடிப்புப் போதாது. ரோசின் அதிகமானால் உடையும்.

முதல் முறை நேராக அடுப்பில் வைத்துவிட்டேன். தேன்மெழுகு சீக்கிரம் உருகிவிட்டது, ரோசின் கல்லாகவே கிடந்தது. பொறுமையில்லாமல் தீயைக் கூட்டினேன். நுரைத்துப் பொங்கி, புகை கிளம்பி, வீட்டின் புகை அலாரம் கத்தியது. மெழுகு காபி டிகாக்ஷன் நிறத்துக்குப் போய்விட்டது. கருகிய மெழுகு சீக்கிரம் வறளும், அதைவிட முக்கியம், தீப்பிடிக்கும். முழுவதையும் வீசிவிட்டேன். இரண்டாம் முறை சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதற்குள் சின்ன டப்பாவை இறக்கி, ரோசினைப் பொடி செய்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். முக்கால் மணி நேரம். தேன் நிறத்திலேயே நின்றது.

உருக்கியதைத் தகட்டின் ஓரத்தில் மெல்லிய கோடாக வார்க்க வேண்டும். ஒரு சொட்டு நாக்கின் மேல் விழுந்தாலும் அந்த நாக்கு ஊமை. இதற்கென்று மூக்கு வைத்த கரண்டி இருக்கிறது, என்னிடம் இல்லை. டீஸ்பூனை வளைத்துப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் வழிந்தது. என் அவதியைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி மாடிக்குப் போய்ப் பிள்ளைகளின் பழைய சாமான் டப்பாவிலிருந்து ஒரு பாலாடையை எடுத்து வந்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற எவர்சில்வர் பாலாடை, எங்கள் பெரியவளுக்கு அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பியது. கையில் அடங்குகிறது, குறுகிய மூக்கு, சாய்த்தால் ஒரு நூல் மாதிரி இறங்குகிறது, நிமிர்த்தினால் நின்றுவிடுகிறது. பச்சைக் குழந்தை புரையேறாமல் குடிக்க எவ்வளவு கவனம் வேண்டுமோ, அதே கவனம்தான் இதற்கும்.

ஒரு தகட்டுக்கு இப்படி: சட்டத்தைச் சாய்வாகப் பிடித்து, தகட்டை அதன் இடத்தில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு, மேல் மூலையில் பாலாடையைத் தொட்டால் மெழுகு தன்னால் ஓரமாக ஓடி இறங்கும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முதலில் விழுந்தது ஆறி, அடுத்தது அதன் மேல் ஒட்டாமல் உட்காரும், அந்த மயிரிழைச் சந்தில் காற்று போகும். முதல் பத்துத் தகடு அசிங்கமாக வந்தது. முப்பதுக்குப் பிறகு கைக்குப் பழகிவிட்டது. எட்டு ராத்திரி ஆனது.

பாலாடை இனிமேல் மெழுகுக்குத்தான். அம்மாவிடம் சொல்லவில்லை.

தோல், துருத்தி, மற்றவை

தோல் பட்டைகள் பலதும் சுருண்டு போயிருந்தன. அக்கார்டியனை வாசிக்கிற நிலையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். இது மச்சில் பல வருஷம் படுத்த நிலையில் கிடந்து தோல் தொங்கிவிட்டது. தோல் தொங்கினால் நாக்கு தாமதமாகப் பேசும், பேசும்போது ஒரு 'டப்' சத்தமும் வரும். அளவு வாரியாகப் புதுத் தோல் வரவழைத்து, நாக்கைத் தகட்டில் ஆணி அடித்த முனையில் மட்டும் பசை தொட்டு ஒட்டினேன். மறுமுனை எழும்பித் தாழ வேண்டும். உச்ச ஸ்தாயியில் இருக்கிற சின்ன நாக்குகளுக்குத் தோல் கிடையாது. அங்கே தோலைத் தேடி அரை மணி நேரம் வீணடித்தேன்.

துருத்திக்கு, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒரு டார்ச்சை வைத்துப் பார்த்தேன். மூன்று மூலையில் நட்சத்திரம் மாதிரி புள்ளி வெளிச்சம். மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி உள்பக்கமாக ஒட்டினேன். துருத்தி வந்து மரத்தில் உட்காருகிற விளிம்பில் இருந்த பழைய தோல் பலகை மாதிரி இறுகிப்போயிருந்தது, அதையும் மாற்றினேன். மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தபோது இருபத்தெட்டு விநாடி.

கட்டையை அமுக்கினால் எழும்பிக் காற்றுக்கு வழிவிடுகிற மூடிகளின் அடியில் இருந்த கம்பளி மெத்தையைப் பூச்சி தின்றிருந்தது. தானாகச் சிணுங்கிய கட்டைக்குக் காரணம் அதுதான். மெத்தை இல்லாததால் மூடி சரியாக உட்காரவில்லை. மாற்றியதும் வீட்டில் அமைதி.

இடப்பக்கத்தின் 72 பட்டன்கள் பன்னிரண்டு வரிசையில் ஆறாறாக இருக்கும். ச-வின் பட்டனுக்கு மேலே ப, அந்த ப-வை ச-வாக வைத்தால் அதன் ப அடுத்து, இப்படியே பஞ்சமம் பஞ்சமமாக ஏறிப்போகும். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தால் ஐந்து நிமிஷத்தில் மனசில் படிந்துவிடும். ஆனால் பட்டன்களின் பின்னால் இருக்கிற கம்பிகளும் தண்டுகளும் ஒரு தறியைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கின்றன. ஒரு பட்டன் ஒட்டியது. அதன் தண்டை லேசாக நிமிர்த்திவிட்டு மூடிவிட்டேன். அந்தக் கூட்டத்தைக் கழற்றிவிட்டுத் திருப்பி மாட்ட முடியாமல் டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தவர்களின் கதை கிளப்பில் நிறைய உண்டு.

சுருதியில் செய்த தப்பு

நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். ஆணிப் பக்கத்து அடியைச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். ஆர்மோனியத்திலும் இதேதான். நாக்கின் அடியில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகித் தாங்கல் கொடுத்துவிட்டு, நுனியில் இரண்டு இழுப்பு. சுரண்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது, அதனால் இரண்டு இழுப்பு, மாட்டிப் பார், மறுபடி இரண்டு இழுப்பு. வெளியே எடுத்து ஊதும்போது ஒரு சுருதி, பெட்டிக்குள் மாட்டியபின் வேறு சுருதி, இந்த வித்தியாசத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

முதல் நடுக்குரல் வரிசையை மாட்டினேன். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அங்கங்கே விலகியிருந்தது, சரியாக்கினேன். இரண்டாவது நடுக்குரல் அதே ஸ்வரம்தான், ஆனால் கொஞ்சம் ஏற்றிச் சேர்த்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு நடுக்கம் வரும், அதுதான் அக்கார்டியனின் குரல். இது எனக்குத் தெரிந்திருந்தது. சுருதி அளக்கிற இயந்திரத்தில் அளந்தபோது சில கட்டையில் 9 சென்ட், சில கட்டையில் 25, பெரும்பாலும் 18 பக்கம். கட்டைக்கும் அரைக்கட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நூறாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் சென்ட். ஆறு கட்டை (A) சுருதியில் 18 சென்ட் என்றால் விநாடிக்கு நாலைந்து அலை.

எல்லாவற்றையும் 18-க்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பெரியப்பாவின் திண்ணை குறுக்கே வந்தது. அங்கே இரண்டு நாக்குக்கு நடுவில் அலை கேட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். "அலையுது பாரு, இன்னும் சேரலை" என்று மறுபடி கழற்றுவார். அந்தக் காதை வைத்துக்கொண்டு நடு ஸ்தாயியில் ஒன்றரைச் சுற்றுக்கு இரண்டாவது குரலை அடியில் சுரண்டி இறக்கினேன். 5 சென்ட். என் வீட்டில், என் மேஜையில், பால் மாதிரி இருந்தது. மிச்சத்துக்கு நேரமில்லை, டிசம்பர் கூட்டம் வந்துவிட்டது.

காரின் பின்சீட்டில் பெட்டியை உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டு, ஆக்டர்மக்டி வழியாகப் போனேன். அந்த ஊரில் ஜிம்மி ஷாண்டுக்குச் சிலை இருக்கிறது. 1908-இல் இதே ஃபைஃபில் ஈஸ்ட் வீமிஸ் என்ற சுரங்க ஊரில் பிறந்து, பையனாகவே சுரங்கத்துக்குள் இறங்கி, பிறகு பட்டன் பெட்டியோடு உலகம் சுற்றியவர். தொண்ணூறு தாண்டி, 1999-இல் சர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் காலமானார். எங்கள் கிளப்பில் அவரைச் சின்ன வயதில் நேரில் கேட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். மூன்று வரிசைப் பட்டன் பெட்டிக்காரர். அவரைத்தான் புதுப்பெட்டியை முதலில் வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். கட்டைப் பெட்டியும் அவருக்குக் கைவரும்.

ஒரு மார்ச், ஒரு ஸ்ட்ராத்ஸ்பே, ஒரு ரீல் என்று இந்த ஊர் மெட்டு வகைகளை அடுக்கினார். மேல் ஸ்தாயியில் ஆரம்பித்து, மெட்டு நடுவில் இறங்கி, மறுபடி ஏறியது. முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. வாரைக் கழற்றாமலேயே என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பெட்டி ஏன் நடுவில் மட்டும் சர்ச்சுக்குப் போய்விட்டு வருகிறது?" என்று கேட்டார்.

நான் மேஜையில் கேட்காதது அந்த மண்டபத்தில் எனக்கே கேட்டிருந்தது. மேலேயிருந்து நடுவுக்கு இறங்கும்போது மின்விசிறியை நிறுத்திய மாதிரி ஒலி சட்டென்று நின்றுபோகிறது. கூட வாசித்த இரண்டு வயலினும் அதை மூழ்கடித்துவிட்டன. டீ குடித்துக்கொண்டே பெரியவர் விளக்கினார். இது நடனத்துக்கான வாத்தியம். மைக் இல்லாத காலத்தில் நூறு கால் மரத்தரையை மிதிக்கிற சத்தத்தைத் தாண்டி மண்டபத்தின் கோடிக்குப் போக வேண்டும். ஒட்டிப்போன குரல் அந்தச் சத்தத்தில் கரைந்துவிடும், அலைகிற குரல் நிற்கும். அவர் பெட்டியில் நடுக்குரலே மூன்று: ஒன்று நேர் சுருதி, ஒன்று மேலே, ஒன்று கீழே. கேட்டால் பல் கூசும். அதுதான் வேண்டுமாம்.

அவர் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன் என்று சொல்ல முடியாது. தனியாக உட்கார்ந்து மெதுவாக வாசிக்க என் 5 சென்ட் இன்னும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பெட்டி என்னுடையதல்ல.

மறுபடி

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாதி இதற்கே போனது. ஒன்றரைச் சுற்று என்றால் 18 கட்டை, ஒரு கட்டைக்கு இரண்டு நாக்கு, 36 நாக்கு. அடியில் சுரண்டி இறக்கியதை இப்போது நுனியில் சுரண்டி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் எஃகு மெலிகிறது. என் அவசரத்துக்கு அந்த நாக்குகளின் ஆயுளில் கொஞ்சம் போய்விட்டது என்பதை ஒவ்வொரு இழுப்பின் சரசரப்பும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாக்கு நுனியில் துரு இருந்ததைக் கவனிக்காமல் சுரண்டி, 18-க்குப் பதில் 30-க்குத் தாவிவிட்டது. அதை இறக்க மறுபடி அடியில். பெரியப்பா இருந்திருந்தால் கொட்டாங்கச்சியைப் பிடுங்கிக்கொண்டு என்னை எழுந்து போகச் சொல்லியிருப்பார்.

இந்தத் தடவை இயந்திரத்தை மட்டும் நம்பவில்லை. பெரியவரின் வாசிப்பைப் போனில் பதிவு செய்துவைத்திருந்தேன். அவர் பெட்டியின் நடுக்கத்தை ஒரு கையால் தொடையில் தாளம் போட்டு எண்ணி, அதைவிடக் கொஞ்சம் நிதானமாக இந்தப் பெட்டியில் வைத்தேன். கீழ் ஸ்தாயியில் அலை மெதுவாகவும், மேலே போகப் போகக் கொஞ்சம் வேகமாகவும். கீழே வேகம் வைத்தால் குமட்டும். சென்ட் கணக்கில் பார்த்தால் மேலே போகப் போக எண் குறையும், அலையின் வேகம் கூடும். இது எனக்குப் புரிய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஜனவரி

ஜனவரிக் கூட்டத்தில் ஹீட்டர் ஓடியது, அதுவே முதல் செய்தி. யாருக்கோ ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. வெளியூர்க் குழு பனியில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் தாமதம், அதனால் உள்ளூர்க்காரர்களை இன்னொரு சுற்று வாசிக்கச் சொன்னார்கள்.

அன்று எனக்குச் சமையலறை முறை. மண்டபத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சதுரமாக ஒரு ஜன்னல் உண்டு, அதன் வழியாகத்தான் தட்டுகள் போகும். முட்டை சாண்ட்விச்சை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தபோது பெட்டிச் சத்தம் கேட்டது. யார் வாசிக்கிறார் என்று தெரியவில்லை; யாராவது பழைய ஆளாக இருக்கும் என்று நினைத்து வெட்டிக்கொண்டேயிருந்தேன். ரீலுக்கு மாறியதும் ஜனங்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். தரை அதிர்ந்து அலமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன. அதையும் தாண்டி ஒவ்வொரு ஸ்வரமும் ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. எட்டிப் பார்த்தேன். பெரியவர் மடியில் சிவப்புப் பெட்டி.

டீக்குப் பிறகு பதினொரு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்து இரவல் நோட்டில் கையெழுத்துப் போட்டாள். பெட்டி அவள் மார்பளவு இருந்தது. வாரை நாலு துளை உள்ளே இழுத்துக் கொடுத்தேன். எப்போதும் நிமிர்த்தி வை, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே, மெழுகு இளகிவிடும் என்றேன். தலையாட்டினாள். வாரைத் தோளில் மாட்டி, ஒரு கட்டையை அமுக்கி, துருத்தியை மெதுவாக இழுத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை, அப்புறம் ஸ்வரம் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: நாலரைக் கட்டை, நடு ஸ்தாயி, இழுக்கும்போது தாமதம். உள்பக்கத் தோல். பிப்ரவரியில் அரை மணி நேரம் கேட்டு வாங்க வேண்டும்.